தோளில் ஏறினால் கோட்டு, தவறினால் கந்தல்

அமெரிக்காவின் பழைய ட்வீட் கோட்டுகளுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. ஆனால் அவற்றைத் தைத்த தொழிற்சாலைகளில் பல மூடப்பட்டுவிட்டன. குவியலில் நல்லதை அடையாளம் காண ஒரு பயிற்சி வேண்டும். யாரும் அடையாளம் காணாத கோட்டின் கடைசி ஊர் பெரும்பாலும் பானிபட்.

பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்கள் பகுதியில் ஒரு நீண்ட கம்பி. அதில் நெருக்கியடித்துத் தொங்கும் கோட்டுகளில் முக்கால்வாசி யாரும் திரும்பிப் பார்க்காதவை. பளபளக்கும் பாலியெஸ்டர், பஞ்சு திணித்த தோள், ஏதோ ஒரு கல்யாணத்துக்காக ஒரே நாள் போட்ட கறுப்பு. அவற்றின் மீது கையை ஓட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் விரலில் சொரசொரப்பு தட்டும். எட்ட நின்று பார்த்தபோது வெறும் பழுப்பு. கிட்டத்தில் பாசிப் பச்சை, துரு, தேன், ஊடே ஒரே ஒரு இழை ஊதா. ட்வீட்.

விலைச்சீட்டில் பத்து டாலர் போட்டிருக்கலாம், அல்லது இருபது. அதே தரத்தில் புதிது வாங்கப் பல நூறு டாலர் வேண்டும். ஆனால் விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது விலையை அல்ல. கோட்டைத் திறந்து, உள் பாக்கெட்டை வெளியே இழுத்து, அதற்குள் தைத்திருக்கும் தீப்பெட்டி லேபிள் அளவுச் சீட்டைத் தேடுகிறார். அதில் ஒரு தொழிற்சங்கத்தின் பெயரும், பொடி எழுத்தில் ஒரு வருடமும் இருக்கும். 1949 என்றிருந்தால் முகம் மலர்கிறது.

ஜாக்கெட் என்றால் நமக்கு ரவிக்கைதான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கு அது ஆண்கள் அணியும் கோட்டு. கால்சட்டைக்கு ஜோடி சேராத தனிக் கோட்டு. அதிலும் ட்வீட் கோட்டு என்றதும் அவர்கள் மனக்கண்ணில் வருபவர் கல்லூரிப் பேராசிரியர். 1981ல் வெளிவந்த முதல் படத்தில் சாட்டையும் தொப்பியுமாகத் திரிந்த இண்டியானா ஜோன்ஸ்கூட வகுப்பறைக்குள் நுழையும்போது ட்வீட் கோட்டில்தான் வந்தார். முழங்கை தேய்ந்தால் தோல் ஒட்டுப் போட்டு மேலும் சில வருடங்கள் ஓட்டக்கூடிய உடை அது.

அந்த ஓட்டத்துக்குத்தான் இப்போது தேவை. அரை நூற்றாண்டுக்கு முன் தைத்த கோட்டு இன்றும் தோளில் சரியாக உட்காருகிறது என்றால், தைத்த விதத்தில் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டவர்களே இந்தக் கம்பிகளைத் துழாவுகிறார்கள்.

ஒரு எழுத்துப் பிழையா?

ட்வீட் பிறந்தது ஸ்காட்லாந்தில். ட்வில் நெசவுக்கு அங்கே ‘ட்வீல்’ என்று பெயர். 1830களில் லண்டன் வியாபாரி ஒருவர் ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லை ‘ட்வீட்’ என்று தவறாகப் படித்துவிட்டார். அந்த வட்டாரத்தில் ட்வீட் என்ற ஆறு ஓடுவதால் ஊர்ப் பெயர் என்று நினைத்தார் என்று சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் குடும்பத்தில் புகழ்பெற்றது ஹாரிஸ் ட்வீட். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யப்படுவது. தீவின் நெசவாளர்கள் போலிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள 1909ல் சங்கம் அமைத்தார்கள். உருண்டையின் மேல் சிலுவை வைத்த ‘ஆர்ப்’ முத்திரை மறு ஆண்டு பதிவானது. 1993ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. தீவுகளில் சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளியைத் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட். ஒரு துணி ரகத்துக்காக நாடாளுமன்றம் சட்டம் போடுவது அபூர்வம்.

அந்தத் துணியின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 1966ல் தீவுகளின் உற்பத்தி 76 லட்சம் கஜத்தை எட்டியது. அதுதான் உச்சம். அதன்பின் சரிவு. எனவே இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பழைய ஹாரிஸ் கோட்டுகளில் பலவும் அந்த உச்சத்தையொட்டிய வருடங்களில் நெய்த துணியில் தைத்தவை.

துணி ஸ்காட்லாந்து என்றால், தையல் அமெரிக்கா. நியூயார்க்கில் 1818ல் தொடங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாதிரியைப் புகழ்பெறச் செய்தது. ‘சாக்’ கோட்டு என்று பெயர். இடுப்பை இறுக்கிப் பிடிக்காது. முன்புறம் டார்ட் கிடையாது. தோளில் பஞ்சு வைக்காமல், உடையவரின் தோள் எப்படியோ அப்படியே விழும். மூன்று பட்டன், ஆனால் மேல் பட்டன் மடிப்புக்குள் சுருண்டு மறைந்துகொள்ளும், போடுவது நடுப் பட்டனை மட்டுமே. பின்புறம் நடுவில் ஒரே பிளவு. இங்கிலாந்துக் கோட்டின் கம்பீரமோ இத்தாலியக் கோட்டின் ஒய்யாரமோ இதில் இல்லை. சௌகரியம் உண்டு.

1902ல் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய ஜே. பிரெஸ் போன்ற கடைகள் இந்தக் கோட்டை மாணவர்களின் சீருடையாக்கின. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் உடையாக இருந்ததை ஊருக்கே பொதுவாக்கியது 1944ன் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம். இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய சுமார் 22 லட்சம் பேர் அந்தச் சட்டத்தின் உதவியில் கல்லூரிக்குப் போனார்கள். விவசாயி மகனும் ஆலைத் தொழிலாளி மகனும் ட்வீட் கோட்டு வாங்கினார்கள். சிறிய ஊர்களின் கடைத்தெருவிலும் அது தொங்கியது. இன்று பழைய கோட்டின் உள்ளே பெரிய நிறுவனங்களின் பெயரைவிட, பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு சிற்றூர்க் கடையின் லேபிள் அதிகம் தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

பாக்கெட்டுக்குள் ஒரு போராட்டம்

உள் பாக்கெட்டில் இருக்கும் தொழிற்சங்கச் சீட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1910 செப்டம்பரில் சிகாகோவில், ஹார்ட் ஷாஃப்னர் அண்ட் மார்க்ஸ் ஆயத்த ஆடை நிறுவனத்தின் பட்டறை ஒன்றில் கால்சட்டை தைத்த பெண்களின் கூலி குறைக்கப்பட்டது. ஒரு உருப்படிக்குக் குறைத்தது கால் சென்ட். பெண்கள் சிலர் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். சில வாரங்களில் நகரத்தின் தையல் தொழிலாளர்கள் ஏறத்தாழ 40,000 பேர் தெருவில் நின்றார்கள். அந்தப் போராட்டத்தில் உருவான தலைமைதான் 1914ல் அமால்கமேட்டட் தையல் தொழிலாளர் சங்கத்தை அமைத்தது. சிகாகோ போராட்டத்தில் இருந்த சிட்னி ஹில்மன் அதன் முதல் தலைவர்.

சங்கம் இருக்கும் ஆலையில் தைத்த கோட்டில் சங்கத்தின் சீட்டு இருக்கும். கோட்டை வாங்குபவரும் அதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது சங்கத்தின் பிரசாரம். வடிவம் மாறும்போதெல்லாம் சீட்டில் புதிய வருடம் அச்சானது: 1939, 1949, 1962. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீட்டில் உள்ள வருடம் கோட்டு தைத்த வருடமல்ல. அந்தச் சீட்டு வடிவம் பதிவான வருடம். 1949 என்றிருந்தால் கோட்டு 1949க்கும் 1962க்கும் இடைப்பட்டது. 1962 என்றிருந்தால் 1976 வரை எப்போது வேண்டுமானாலும் தைத்திருக்கலாம். 1976ல் அந்தச் சங்கம் ஜவுளித் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து பெயர் மாறியது. 1995ல் மறுபடி ஒரு இணைப்பு, மறுபடி ஒரு பெயர். சீட்டும் மாறிக்கொண்டே வந்தது.

அரசாங்கமும் தன் பங்குக்குத் தடயங்களை விட்டுவைத்திருக்கிறது. ஆடையைத் துவைக்கும் முறை பற்றிய லேபிள் 1972ல் கட்டாயமானது. அது இல்லாத கோட்டு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்நாட்டில் தைத்த உடையிலும் ‘அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது’ என்று குறிக்க வேண்டும் என்ற விதி 1984ல் வந்தது. தயாரிப்பாளரின் பதிவு எண்ணுக்கு முன்னால் ‘டபிள்யூ.பி.எல்.’ என்ற மூன்று எழுத்து இருந்தால் அந்த எண் 1941க்கும் 1959க்கும் இடையே வழங்கப்பட்டது. எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனம் பிறகும் பல வருடங்கள் தைத்திருக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

லேபிள் எல்லாம் கழன்றுபோயிருந்தால் மார்பில் மடிந்து விழும் காலரே சாட்சி சொல்லும். 1960களின் தொடக்கத்தில் அது இரண்டரை அங்குலத்துக்குச் சுருங்கியது. 1970களில் நான்கு அங்குலத்தைத் தாண்டிப் பறந்தது. மூன்று அங்குலத்தை ஒட்டியிருந்தால் எந்தக் காலத்திலும் போடலாம்.

விரல் சொல்லும் உண்மை

வயது தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. பழையது எல்லாம் நல்லதல்ல. கோட்டின் உயிர் வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. மார்புப் பகுதியில் மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே கேன்வாஸ் வைத்துத் தைப்பது பழைய முறை. தையல் தளர்வாக இருப்பதால் கேன்வாஸ் உள்ளே தனியாக அசையும். போடப்போட உடம்பின் வடிவத்துக்கு வரும். செலவைக் குறைக்க வந்த மாற்று, பசை தடவிய துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுவது. பசைக்கு ஆயுள் குறைவு. சில முறை டிரை கிளீனிங் போய்வந்ததும் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதைச் சரிசெய்வது கடினம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கீழ்ப் பட்டன் காஜாவுக்கு அருகே மேல் துணியை ஒரு கையாலும் உள் துணியை மறு கையாலும் கிள்ளிப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒரு படலம் வழுக்கினால் கேன்வாஸ். இரண்டே படலம், அதிலும் ஒன்று அட்டை போல விறைப்பு என்றால் பசை.

அடுத்த எதிரி அந்துப்பூச்சி. பூச்சியல்ல, அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது. ட்வீட்டின் பல நிற இழைகளுக்கு நடுவே ஓட்டை கண்ணில் படாது. கோட்டை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊசிமுனையாக எட்டிப்பார்க்கும். காலரின் அடிப்பகுதி, பாக்கெட் மூடியின் உட்புறம், அக்குள் ஆகியவை புழு விரும்பும் இடங்கள். ஒன்றிரண்டு சிறு ஓட்டையை டார்னிங் செய்யத் தெரிந்தவர் தடம் தெரியாமல் மூடிவிடுவார். சொரசொரப்பும் பல நிறமும் அதற்கு உதவியாக இருக்கும். பத்துப் பதினைந்து ஓட்டை என்றால் கம்பியிலேயே விட்டுவிடுவது நல்லது. வாங்கிய கோட்டை அலமாரியில் மற்றத் துணிகளோடு உடனே மாட்டுவது ஆபத்து. பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் மடியும்.

அக்குளில் வியர்வை உப்பேறி லைனிங் நைந்திருந்தால் லைனிங்கை மாற்றலாம். ஆனால் கூலி கோட்டின் விலையைப் போல ஐந்து பத்து மடங்கு ஆகிவிடும். பாச்சை உருண்டை வாடை சில நாள் காற்றாட மாட்டினால் குறையும். சிகரெட் வாடை போக வாரக் கணக்காகும். பூஞ்சணம் பிடித்த நாற்றம் போகவே போகாது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவு விஷயத்தில் லேபிளை நம்புவது வீண். 40 என்ற எண்ணுக்கு 1955ல் இருந்த பொருள் வேறு, இன்றைய பொருள் வேறு. அதோடு, முந்தைய உடைமையாளர் தன் உடம்புக்கேற்பப் பிடித்தோ பிரித்தோ தைத்திருப்பார். நிச்சயமான வழி: தனக்குச் சரியாக இருக்கும் ஒரு கோட்டைக் கட்டிலில் விரித்து நான்கு அளவு எடுத்துக்கொள்வது. ஒரு தோள் தையலில் இருந்து மறு தோள் தையல், அக்குளில் இருந்து அக்குள், கை நீளம், காலருக்குக் கீழே முதுகு நீளம். அக்குள் அளவின் இரு மடங்கு, மார்புச் சுற்றளவைவிட நான்கு அங்குலம் கூடுதலாக இருந்தால் சௌகரியம். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளை மாற்றுவதும் முதுகு நீளத்தைக் கூட்டுவதும் நடக்காத காரியம். தோள் சரியில்லை என்றால் எவ்வளவு அழகான துணியானாலும் திருப்பி மாட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

எடையும் கவனிக்க வேண்டியது. அக்காலத் துணி மீட்டருக்கு அரைக் கிலோ வரை கனக்கும். இன்றைய கோட்டுத் துணி அதில் ஏறத்தாழப் பாதி. மத்திய வெப்பமூட்டல் இல்லாத வீடுகளுக்காக நெய்தது, ஹீட்டர் போட்ட அலுவலகத்தில் வியர்க்க வைக்கும். டெக்ஸாஸிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால் கோட்டு மறுபடி தர்மக் கடைக்கே போகும்.

ஜப்பான் காட்டிய வழி

அமெரிக்கர்களே சாதாரணமாக நினைத்த இந்தக் கோட்டை ஆவணமாக்கியவர்கள் ஜப்பானியர். கென்சுகே இஷிசு என்பவர் 1951ல் தொடங்கிய வான் நிறுவனம் அமெரிக்கக் கல்லூரி உடையை ஜப்பானிய இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1965ல் ஒரு ஜப்பானியக் குழு ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் வளாகங்களுக்கே போய் மாணவர்களைப் படமெடுத்து ‘டேக் ஐவி’ என்ற புத்தகத்தை வெளியிட்டது. அதன் ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில் வெளிவர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கள் தாத்தாக்கள் எப்படி உடுத்தினார்கள் என்று அமெரிக்க இளைஞர்கள் ஜப்பானியர் எடுத்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஜே. பிரெஸ் கடையே 1986ல் ஜப்பானிய நிறுவனமான ஆன்வர்டின் கைக்குப் போனது.

1995ல் ஈபே வந்ததும் ஆட்டம் மாறியது. ஒரு சிற்றூர்க் கடையில் ஒதுங்கிக் கிடந்ததை டோக்கியோவில் இருப்பவரும் ஏலம் கேட்கலாம். தர்மக் கடையில் பத்து டாலருக்கு எடுத்ததைப் பல மடங்கு விலைக்கு விற்கும் தரகர்கள் முளைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் அவர்கள் விற்பது துணியை மட்டுமல்ல. கண்டெடுத்த கண்ணுக்கும் சேர்த்தே விலை. நான்கு அளவையும் துல்லியமாகக் கொடுத்து, ஓட்டை இருந்தால் அதையும் படமெடுத்துப் போடுபவரிடம் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. அளவு தராமல் வெறும் ‘சைஸ் 42’ என்று எழுதுபவரிடம் குறைந்த விலையும் நஷ்டம்தான்.

இன்னொரு தயக்கமும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் உடுத்தியது; ஒருவேளை இறந்துபோனவருடையது. நம் வீடுகளில் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உண்மை அதற்குச் சாதகமாகவும் இல்லை. இக்கோட்டுகளில் பல, முதியவர் காலமான பின் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வருபவைதான். ஆனால் 1902ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் வசதியானவர் வீடுகளில் பழைய பொருள்களைச் சேகரித்து, ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அவற்றைச் செப்பனிட வைத்து விற்கத் தொடங்கினார். அதுதான் குட்வில். இல்லாதவர் பிழைக்க வழி செய்த கடை அது. இன்று கடும் குளிருக்குத் தயாராக வராத வெளிநாட்டு மாணவர்கள் முதல் குளிர்கால உடையைத் தேடிப் போகும் இடமும் பெரும்பாலும் இத்தகைய கடைகளே.

வற்றும் ஊற்று

இந்தக் கோட்டுகள் என்றைக்கும் கிடைத்துக்கொண்டிருக்குமா? வாய்ப்பில்லை. காரணம், புதிதாகப் பழையதாகிக்கொண்டிருக்கும் கோட்டு குறைவு. 1899ல் அமைந்து, மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் பெரும் ஆலைகளை நடத்திய அமெரிக்கன் ஊலன் கம்பெனி 1955ல் வேறொரு நிறுவனத்தில் கரைந்தது. பென்சில்வேனியாவில் 1830ல் தொழில் தொடங்கிய ஊல்ரிச், 2018ல் தன் கம்பளி ஆலையை மூடியது. பல கடைகளுக்கு அவரவர் லேபிளில் சாக் கோட்டு தைத்துக் கொடுத்த சவுத்விக் தொழிற்சாலை 1929ல் தொடங்கியது. 2008ல் அதை புரூக்ஸ் பிரதர்ஸ் வாங்கியது. 2020ல் கொரோனா காலத்தில் புரூக்ஸ் பிரதர்ஸே திவால் மனுக் கொடுத்தது. நிறுவனத்தின் பெயரை 32.5 கோடி டாலருக்கு வாங்க ஆள் வந்தார்கள். சவுத்விக் தொழிற்சாலையை நடத்த ஆள் வரவில்லை. ஓரிகனின் பெண்டில்டன் போன்ற ஒன்றிரண்டு ஆலைகள் இன்னும் நெய்கின்றன என்பது ஆறுதல்.

துணியின் கதையும் அப்படியே. 2006 கடைசியில் ஹாரிஸ் ட்வீட்டின் மிகப் பெரிய ஆலையை வாங்கிய யார்க்ஷயர் தொழிலதிபர் ஒருவர், சுமார் 8,000 டிசைன்களில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினார். தீவில் வேறு ஆலைகள் திறந்து தொழிலைக் காப்பாற்றின. எனினும் 1960களின் ஒரு டிசைனை இன்று தேடுபவருக்குப் பழைய கோட்டைவிட்டால் வேறு புகலிடம் கிடைப்பது அரிது.

1960களில் இருபது வயதில் முதல் ட்வீட் கோட்டு வாங்கியவர் இன்று எண்பதுகளில் இருக்கிறார். அவர் தலைமுறையின் அலமாரிகள் காலியாகும் காலம் இது. வரத்து இப்போது இருப்பது போலப் பிறகு இருக்காது.

பானிபட்டில் முடியும் பயணம்

வரும் கோட்டுகள் எல்லாம் வாங்குவோர் கையில் போய்ச் சேர்வதில்லை. தர்மக் கடைக் கம்பியில் சில வாரம் தொங்கி விலைபோகாதது எடைக்கு விற்கும் கிடங்குக்குப் போகிறது. அங்கும் மிஞ்சியதைப் பழந்துணி வியாபாரிகள் டன் கணக்கில் எடுத்து, அழுத்திக் கட்டி, கப்பலேற்றுகிறார்கள். பழைய உடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடு அமெரிக்கா. ஏற்றுமதியாகும் பொதிகளில் ஒரு பகுதி வந்திறங்குவது குஜராத்தின் காண்ட்லாவில்.

1965ல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கிய காண்ட்லாவில் பழந்துணி பிரிக்கும் கூடங்கள் இருக்கின்றன. அணியத் தகுந்தது ஆப்பிரிக்க நாடுகளுக்கு மறு ஏற்றுமதியாகும். அணியத்தக்க பழைய உடையை உள்நாட்டில் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். உள்ளூர்த் துணித் தொழிலுக்குப் போட்டி வரக் கூடாது என்பது நோக்கம். ஆனால் மறுபடி உடுத்த முடியாதபடி வெட்டிக் கிழித்துவிட்டால் அது உடை அல்ல, கந்தல். கந்தலுக்குத் தடையில்லை. எனவே நல்ல நிலையில் உள்ள கம்பளிக் கோட்டும் கத்தி வைத்துக் கிழிக்கப்பட்டே உள்ளே வர வேண்டியிருக்கிறது.

கந்தல் போகும் ஊர், தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள பானிபட். சரித்திரப் பாடத்தில் மூன்று போருக்காகப் படித்த அதே ஊர். அங்கே தரையில் அமர்ந்த பெண்கள் பட்டன், லைனிங், லேபிள் எல்லாவற்றையும் அறுத்தெடுக்கிறார்கள். துணி நிறவாரியாகக் குவிக்கப்படுகிறது. அப்படிப் பிரித்தால் மறுபடி சாயம் தேவையில்லை. பிறகு முள் உருளை வைத்த இயந்திரம் அதை நார்நாராகப் பிய்க்கிறது. நாரை நூற்று நெய்தால் போர்வை. பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரண அமைப்புகள் வாங்கி விநியோகித்த மலிவுப் போர்வைகளில் பல இந்த ஊருடையவை. இத்தகைய கம்பளிக்கு ‘ஷாடி’ என்று பெயர். 1813ல் யார்க்ஷயரின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா கண்டுபிடித்த முறை. மேகனா குப்தா 2012ல் எடுத்த ‘அன்ராவல்’ என்ற ஆவணப்படம் பானிபட் பெண்களின் இந்த வேலையைப் பதிவு செய்திருக்கிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அமெரிக்காவில் 1941ல் நடைமுறைக்கு வந்த கம்பளிப் பொருள் லேபிள் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, இத்தகைய மறுபயன்பாட்டுக் கம்பளியைப் புதுக் கம்பளி என்று சொல்லி விற்பதைத் தடுப்பது. எது புதுக் கம்பளி, எது ஏற்கெனவே உடுத்தியதைப் பிய்த்து நூற்றது என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். புதுக் கம்பளி என்று சான்று பெற்ற கோட்டுகளும் கடைசியில் பானிபட்டில் ஷாடியாகின்றன.

பிய்ப்பதைக் குறை சொல்வதற்கில்லை. குப்பைமேட்டில் புதைப்பதைவிடப் போர்வையாவது மேல். பல்லாயிரம் பேருக்கு அது சோறு. ஆனால் பானிபட்டின் ஷாடித் தொழிலும் தளர்ந்திருக்கிறது. மிருதுவான, துவைக்க எளிதான பாலியெஸ்டர் போர்வைக்குச் சந்தை போய்விட்டதால் பல ஆலைகள் அதற்கே மாறிவிட்டன. கம்பளிக் கந்தலுக்கு இருந்த கடைசி வாசலும் குறுகிவருகிறது.

எனவே கோட்டின் கதி நிர்ணயமாவது பாஸ்டன் பக்கத்துக் கடைக் கம்பியில்தான். அங்கே ஒருவர் உள் பாக்கெட்டை இழுத்துப் பார்த்து, மார்பைக் கிள்ளிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இருபது டாலர் கொடுத்தால் அது இன்னும் இருபது முப்பது வருடம் கோட்டாகவே இருக்கும். முழங்கை தேய்ந்தால் தோல் ஒட்டுப் போடலாம். யாரும் இழுத்துப் பார்க்காத கோட்டு கப்பலேறி, பானிபட்டில் ஒரு பெண்ணின் மடியில் வந்து விழும். அவர் கத்தி முதலில் அறுத்தெடுப்பவற்றில் அந்த லேபிளும் ஒன்று.